பனியில் விழுந்த கேப்டனுக்குச் செவ்வாய் ஜெபம்

பாலக்கோடு
9-2-2025

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தங்கை ஆக்சிலியாவுக்கு அக்கா ராஜமேரி எழுதிக்கொண்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மடத்தில் மற்ற சிஸ்டர்களுக்கெல்லாம் சுகம்தானே? இங்கே நானும் உன் மாமாவும் குறையில்லாமல் இருக்கிறோம். அவருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் மாற்றிவிட்டார்கள். சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை போகிறார். நடுவில் வீடு எனக்கு, நான் வீட்டுக்கு.

கவர்மேல் சிஸ்டர் ஆக்சிலியா என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே பிரித்துப் பார்த்தால் நீ என் மூக்கொழுகி ஆக்சிதான். கோபித்துக்கொண்டால் போய் மதரிடம் சொல்லு.

விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் போட்டு ஆடுகிற பட்டாளத்து ஆட்டம் நாலாம் பாகம் வந்துவிட்டது. உன் மாமா ஓசூரில் வாங்கி வந்து மேசைமேல் வைத்திருக்கிறார். மூன்றாம் பாகம் முடிந்ததிலிருந்து உன் கடிதம் ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதானே? பாலம் உடைந்தபோது அடிபட்ட சிப்பாயை மேலே தள்ளிவிட்டுப் பனிப் பள்ளத்தில் விழுந்தாரே நம் கேப்டன் சவரிராயன், அவர் என்ன ஆனார், என்ன ஆனார் என்று. எனக்கு மட்டும் தெரியுமா? திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி ஓடியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் இங்கிலீஷைக் காட்டினால்?

அவர் நிஜப்பேர் என்னவோ. நம் சவரிராயன் பெரியப்பாவின் தாடி அச்சாக அவருக்கு இருந்ததால் நான் அந்தப் பேரை வைத்தேன். எந்த வெள்ளைக்காரனுக்கும் இப்படி ஒரு பாக்கியம் கிடைத்திருக்காது.

அடுத்த கடிதத்தில் கேப்டனைக் கையோடு கூட்டி வருகிறேன். மதருக்கு என் தோத்திரம் சொல்.

ஆசையுடன்,
ராஜமேரி

*

மடத்திலிருந்து
1-3-2025

அன்புள்ள அக்காவுக்கு, ஆக்சிலியா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் முதுகுவலி பாதி விட்டது. மாமாவையும் உன்னையும் தினமும் பூசையில் நினைக்கிறேன்.

உன் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்தேன். ஆட்டம் வாங்கின பத்தியையும் பெரியப்பா தாடி வந்த பத்தியையும் மட்டும் வாசிக்காமல் தாண்டிவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியும். இங்கே இருபத்திரண்டு பேரும் கேப்டன் சவரிராயன் நம் உறவுக்காரர், எல்லைப் பட்டாளத்தில் இருந்து காணாமல் போனவர் என்றே நம்புகிறார்கள். அவர் பெட்டிக்குள் ஆடும் பொம்மை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதல் கடிதத்தை வாசித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சிஸ்டர் பவுலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சொல்ல வாய் வரவில்லை. அந்த வாரமே காணாமல் போனவர்களுக்கான அந்தோனியார் செவ்வாய் ஜெபத்தில் அவர் பேரைச் சேர்த்துவிட்டார்கள்.

"கேப்டனைப் பத்தித் தகவல் வரப்போவுதாமே" என்று தோட்டத்தில், சமையலறையில், எங்கே பார்த்தாலும் பேச்சு. தவக்காலத்தில் எங்களுக்குக் கடிதம் கிடையாது. ஈஸ்டருக்குப் பிறகு எழுது.

உன் தங்கை,
ஆக்சிலியா

*

பாலக்கோடு
24-4-2025

உயிர்த்த ஆண்டவர் உன்னைக் காக்கட்டும் தங்கச்சி. நாற்பது நாளும் கஞ்சி குடித்து இளைத்திருப்பாய். இங்கே நான் இளைக்கவில்லை, அது வேறு விஷயம்.

நல்ல சேதி எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாலாம் பாகத்தில் கதையே இல்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். முன்னேயெல்லாம் பெட்டியைப் போட்டால் படம் மாதிரி ஓடும். கேப்டன் பேசுவார், நடப்பார், நான் கூடவே நடந்து சுடுவேன். இதில் அதெல்லாம் ஒன்றும் இல்லை. போட்டதும் நெட்டு வேண்டும் என்கிறது. போன் நெட்டைக் கொடுத்தால் இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் என்று முகம் தெரியாதவர்களோடு ஒரு மைதானத்தில் கொண்டுபோய் விடுகிறது. பத்து நிமிஷம் சுட்டுக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொரு மைதானம், இன்னொரு பத்து நிமிஷம். தனியாக ஆட வழியே இல்லை. எதுக்குச் சண்டை, யாருக்காகச் சண்டை, ஒன்றும் கிடையாது. உன் மாமா கம்பெனியில் விசாரித்தார். உலகம் பூராவும் இதை வாங்கினவர்கள் திட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

கேப்டன் இருக்கிறாரா என்றால், இருக்கிறார். அதுதான் கொடுமை. அவர் முகத்தை ஒரு சட்டை மாதிரி ஆக்கிவிட்டார்கள். வேண்டுமென்கிறவன் மாட்டிக்கொள்ளலாம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே மைதானத்தில் ஐந்து கேப்டன் சவரிராயன். ஒரு கேப்டன் இன்னொரு கேப்டனைச் சுடுகிறார். மூன்றாவது கேப்டன் செத்தவர் மேல் ஏறி நின்று டான்ஸ் ஆடுகிறார். நான் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆக்சி, நான் ஒன்று சொல்கிறேன், கேள். கேப்டன் பிழைத்து வந்தார், காலில் மட்டும் அடி, இப்போது ஊரில் மாடு வளர்க்கிறார் என்று நான் எழுதிவிடுகிறேன். நீ வாசித்துவிடு. இருபத்திரண்டு பேரும் சந்தோஷமாகத் தூங்குவார்கள். கல்யாணம் வேண்டுமானாலும் பண்ணி வைக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா

*

மடத்திலிருந்து
18-5-2025

அன்புள்ள அக்கா, உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் தக்காளி மண்டிக்கு நடந்து போகாதே, பஸ் வரும்வரை நில்.

நீ கேட்டதற்குப் பதில்: கூடாது.

சிரிப்பதற்கு எழுதும் கதை வேறு. இங்கே பீடத்துக்கு முன்னால் அந்தப் பேரைச் சொல்லி முழங்காலில் நிற்கிறார்கள். அவர் வந்துவிட்டார் என்று நீ எழுதினால் நன்றிப் பூசை வைப்பார்கள். பொய்க்கு ஒரு பூசை வைக்கவிட்டு நான் எப்படிப் பாடகர் குழுவில் நின்று பாடுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காணாமல் போன ஒருவருக்காக மூன்று கல்லறைத் திருநாள் வரும்வரை செவ்வாய் ஜெபம் சொல்வோம். அதற்குள் தகவல் வராவிட்டால், மூன்றாவது கல்லறைத் திருநாளில் அவர் பேரை இறந்தோர் பேர்களோடு வாசித்து இளைப்பாற்றிப் பூசை வைத்துவிடுவார்கள். கேப்டனுக்கு மூன்றாவது திருநாள் இந்த நவம்பர் இரண்டாம் தேதி. மதர் நேற்று ஞாபகப்படுத்தினார்.

பொம்மைக்கு இளைப்பாற்றிப் பூசை. யோசித்துப் பார். அதற்கு முன்னால் நான் உண்மையைச் சொன்னால், மதர் முதலில் நிறுத்தப்போவது நம் கடிதத்தைத்தான். வெளியே வரக்கூடாத இந்த மடத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை கம்பிக்குப் பின்னாலிருந்து உன் முகத்தைப் பார்க்கிறேன். மற்ற நாளுக்கெல்லாம் எனக்கு இந்தக் காகிதம்தான் இருக்கிறது.

அதனால் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆட்டத்தில் எங்காவது அவரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கும், தேடு. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. பார்த்தது குறைவாக இருந்தால் குறைவாக எழுது. அவர் பிழைத்தாரா செத்தாரா என்று ஆட்டமே சொல்லிவிட்டால், அதைச் சொல்லிக்கொண்டே அவர் பொம்மை என்பதையும் சொல்ல எனக்குத் தைரியம் வரும்.

ஆக்சிலியா

*

பாலக்கோடு
22-6-2025

தங்கச்சி, சுகமா? இங்கே எனக்குச் சுகம். உன் மாமாவுக்குக் கொஞ்சம் சுகம் குறைவு, பொண்டாட்டி கைக்கு ஜாய்ஸ்டிக் போய்விட்டதால்.

தேடிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். உன் கேப்டனை நான் விடுவதாக இல்லை.

வீட்டில் போன் நெட்டு இழுக்கவில்லை. சுடலாம் என்று விரலை வைத்தால் நான் செத்து அரை நிமிஷம் கழித்துத்தான் துப்பாக்கி வெடிக்கிறது. நான் தக்காளி பொறுக்கிப் பிரிக்கிற முனிராஜ் அண்ணன் மண்டியில் நல்ல நெட்டு இருக்கிறது, சுவரில் டிவியும் இருக்கிறது. காலை ஏலம் முடிந்து லாரிகள் போய்விட்டால் மதியத்துக்கு மேல் அங்கே ஈ கூட வராது. போய்க் கேட்டேன்.

"ஏம்மா ராஜமேரி, பொம்பளைங்க சீரியல் பாக்கக் கேப்பாங்க. நீ துப்பாக்கி சுடக் கேக்கற" என்றார்.

"எங்க மடத்து சிஸ்டருங்களுக்காவ அண்ணே. ஜெப காரியம்."

"சாமி காரியத்துல எதுக்கு வெடிகுண்டு?"

ஆனாலும் சாவியைக் கொடுத்துவிட்டார். இப்போது தினமும் காலித் தக்காளி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு முதலில் வந்து உட்காருகிறவர் அவர்தான்.

என்னோடு தக்காளி பிரிக்கிறாளே கண்ணம்மாள், அவளையும் சேர்த்துக்கொண்டேன். அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள், உன் மடத்து விஷயம் ஒன்றும் தெரியாது. சொன்னதும், "காணாம போனவரைத் தேடறதுக்கு எந்தச் சாமியா இருந்தா என்னாக்கா" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஒரு பெட்டியில் ஒரு ஆள்தான் ஆட முடியும். அதனால் நான் நடக்கிறேன், சுடுகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து "இடது பக்கம் ஒருத்தன், செவுத்துக்குப் பின்னாடி ஒருத்தன்" என்று சொல்கிறாள். பொடித் தக்காளி பொறுக்கின கண், ஒருத்தனும் தப்புவதில்லை.

காதில் மாட்டுகிற மைக் ஒன்று இருக்கிறது. கூட ஆடுகிறவர்கள் பேசுவது அதில் கேட்கும். பாதி பேர் கெட்ட வார்த்தை, மொழி தெரியாவிட்டாலும் புரிகிறது. அதில் ஒருத்தன் கன்னடத்தில் புலம்பினான். கண்ணம்மாளின் அம்மா வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் அல்லவா? மைக்கைப் பிடுங்கி அவனிடம் கன்னடத்தில் பேச ஆரம்பித்துவிட்டாள். அவன் பேர் மஞ்சுநாத். கோலார் தக்காளி மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவன். எதிரிகள் நாலு பக்கமும் சுட, இவர்கள் இரண்டு பேரும் இன்று அங்கே கிரேட்டு என்ன விலை, இங்கே என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் செத்தோம்.

அவனும் மூன்று பாகமும் ஆடினவனாம். கேப்டனுக்காகத்தான் இதையும் வாங்கினானாம். "ஏமாத்திட்டாங்கம்மா" என்று அழாத குறை. ஆனால் ஒரு தகவல் சொன்னான். இருக்கிற மைதானங்களில் ஒன்று பனி மைதானமாம். கேப்டன் விழுந்த அதே பாலம், அதே பள்ளமாம். அது எப்போதாவதுதான் வரும். வருகிறபோது நான் சுடப்போவதில்லை. இறங்கிப் பார்க்கப்போகிறேன்.

ராஜமேரி

*

மடத்திலிருந்து
20-7-2025

அன்புள்ள அக்கா, எல்லோரும் நலம்தானே. இங்கே மழை பிடித்துக்கொண்டது. பூசணிக் கொடி கோழிக்கூண்டு வரை ஏறிவிட்டது.

கண்ணம்மாளுக்கும் முனிராஜ் அண்ணனுக்கும் என் வணக்கம். உன் கடிதத்தில் எதை வாசிப்பது, எதை விடுவது என்று தெரியாமல், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் நிஜமாகவே தொண்டை கட்டிக்கொண்டது.

இந்த மாதம் மதருக்குக் கால் வீக்கம். எண்ணெய் தேய்த்துவிடும் வேலை எனக்கு. அப்போது ஒரு கேள்வி கேட்டார். பதில் சொன்னேன்.

பனி மைதானம் வந்ததா?

ஆக்சிலியா

*

பாலக்கோடு
31-8-2025

அன்புள்ள ஆக்சி, தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் குடி. நான்கு வரி எழுதிக் கடிதம் என்று அனுப்பியிருக்கிறாய். மதர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்? பூசணிக் கொடிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் எனக்குத் தெரியாதா?

பனி மைதானம் வந்தது. ஒரு தடவை இல்லை, பல தடவை. முதலில் வந்தபோதெல்லாம் பாலத்துப் பக்கம் போவதற்குள் என்னைச் சுட்டுவிட்டார்கள். நான் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு கீழேயே பார்த்து நடப்பதைப் பார்த்து எங்கள் கட்சிக்காரர்களே திட்டினார்கள். கண்ணம்மாள் மைக்கில் பதிலுக்குத் திட்டினாள். தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை, யாருக்கும் குறை வைக்கவில்லை. கடைசியில் மஞ்சுநாத்தும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் எனக்கு முன்னாலும் பின்னாலும் நின்று சுட்டுக்கொண்டே வந்தார்கள். பள்ளத்தில் இறங்கிவிட்டேன்.

பார்த்ததை எழுதுகிறேன். உடைந்த பாலம் இருக்கிறது. கேப்டன் விழுந்த இடத்தில் பிணம் இல்லை. சிலுவை இல்லை, குழி வெட்டின அடையாளம் இல்லை. பள்ளத்தின் அந்தக் கடைசியில் மரப்பலகையால் ஒரு குடிசை. உள்ளே அடுப்பு எரிகிறது. ஆணியில் ஒரு கோட்டு தொங்குகிறது. ஆள் இல்லை.

"கேப்டன் கோட்டு மாதிரியே இருக்குதுன்னு எழுது" என்றார் முனிராஜ் அண்ணன்.

"மாதிரியெல்லாம் எழுதக் கூடாதுங்கண்ணா. சிஸ்டரு கண்ணால பாத்தது மட்டுந்தான் கேட்டிருக்காங்க. கோட்டு. அவ்ளோதான்" என்றாள் கண்ணம்மாள்.

அதனால் கோட்டு என்று மட்டும் எழுதியிருக்கிறேன். தேடுவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரு சங்கடம். ஆடுகிறவர்கள் குறைந்துபோனதால் இந்த ஆட்டத்தையே மூடப்போகிறார்களாம். அக்டோபர் இருபத்தெட்டு, நம் மதிய நேரம். அதற்குப் பிறகு பெட்டியில் போட்டாலும் ஒன்றும் வராது. மைதானம், குடிசை, கேப்டன், எதுவும் இருக்காது.

ராஜமேரி

*

மடத்திலிருந்து
21-9-2025

அன்புள்ள அக்கா, உனக்கும் மாமாவுக்கும் ஆண்டவர் நல்ல உடம்பைக் கொடுக்கட்டும்.

இந்த முறை நீ பார்த்ததை மட்டும், பார்த்தது யார் என்று சொல்லாமல், வாசித்தேன். அடுப்பு எரிகிறது என்றதும் சிஸ்டர் பவுலா எழுந்து நின்றுவிட்டார். "அடுப்பு எரியுதுன்னா ஆள் இருக்காங்கன்னுதானே அர்த்தம்" என்கிறார். இன்னொருவர், "கோட்டு இல்லாம பனியில எங்கே போவார்" என்கிறார். இரவுச் சாப்பாட்டில் மௌனம் என்பதால் கண்ணாலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். மதர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதர் கேட்டதைப் பற்றி இப்போது எழுத முடியாது.

அக்டோபர் இருபத்தெட்டில் நீ பார்ப்பதை அன்றைக்கே எழுதித் தபாலில் போடு. கல்லறைத் திருநாளுக்கு முன்னால் என் கைக்கு வர வேண்டும். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

ஆக்சிலியா

*

பாலக்கோடு
28-10-2025

தங்கச்சி, சுகம் விசாரிக்க நேரமில்லை, நன்றாக இரு. மண்டியில் கிரேட்டு மேலேயே வைத்து எழுதுகிறேன். தபால் எடுக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.

உன் மாமா லீவு போட்டு வந்துவிட்டார். முனிராஜ் அண்ணன் இரண்டு லாரியைக் காக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். இன்று பனி மைதானம் மட்டும்தான் திறந்திருந்தது. ஆட்டத்துக் கம்பெனிக்காரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தெரியாது.

உள்ளே போனால் வெடிச் சத்தமே இல்லை. நான் பயந்து செவுத்தோரமாகவே நடந்தேன். ஒருத்தனும் சுடவில்லை. பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். கேப்டன் சவரிராயன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு கேப்டன் சவரிராயன். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர். இந்தக் கட்சி பத்து, அந்தக் கட்சி பத்து, எல்லோரும் அவர் முகத்தையே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டமாகத் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் வேறு முகத்தோடு நின்றேன்.

"இன்னாக்கா இது, எழவு வூடு மாதிரி" என்றாள் கண்ணம்மாள். அப்புறம் மைக்கில் மெதுவாகக் கேட்டாள். மஞ்சுநாத் சொன்னானாம்: எல்லோருமே அவரைத் தேடித்தான் இந்த ஆட்டத்தை வாங்கினார்களாம். ஒருத்தருக்கும் பதில் கிடைக்கவில்லையாம். மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து உட்காரலாம் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்களாம்.

நானும் உட்கார்ந்தேன். ஏழெட்டு மொழியில் ஆளாளுக்கு ஏதோ பேசினார்கள். ஒருத்தன் பாடினான். உன் மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், மண்டிக்குள் நின்றுகொண்டு. பிறகு திரை கறுப்பாகிவிட்டது.

கேப்டன் பிழைத்தாரா செத்தாரா, எனக்குத் தெரியாது. ஆட்டம் சொல்லவில்லை. இனிமேல் சொல்லாது. மாடு வளர்க்கிறார் என்று எழுத எனக்குக் கை வருகிறது, ஆனால் எழுத மாட்டேன். நீ கேட்டபடி பார்த்ததை எழுதிவிட்டேன்.

தபால்காரர் வந்துவிட்டார்.

ராஜமேரி

*

பாலக்கோடு
30-11-2025

அன்புள்ள ஆக்சிலியா, உனக்குச் சுகம்தானா? கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று மடத்தில் சொல்லித்தரவில்லையா?

கல்லறைத் திருநாள் போய் ஒரு மாதமாகப் போகிறது. என் கடிதம் கிடைத்ததா என்றே தெரியவில்லை. பூசை வைத்துவிட்டார்களா? நீ சொல்லிவிட்டாயா? கடிதத்தை நிறுத்திவிட்டார்களா? அப்படியானால் இதையும் உன்னிடம் கொடுக்க மாட்டார்கள்.

மதர் அவர்களே, இதைப் பிரித்து வாசிப்பது நீங்களாக இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். பேர் வைத்தது நான். தப்பு என் பேரில். என் தங்கச்சிக்கு வருகிற கடிதத்தை நிறுத்தினால் நான் எழுதுவதை நிறுத்த மாட்டேன். மாதா மாதம் எழுதுவேன். நீங்கள் கட்டி வைத்துக்கொண்டே இருங்கள், அலமாரி நிறைந்தால் அப்புறம் நாம் பேசலாம். மரியாதைக் குறைவாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். உங்கள் கால் வீக்கம் தேவலையா?

ராஜமேரி

*

மடத்திலிருந்து
26-12-2025

பிறந்த பாலன் உங்கள் எல்லோருக்கும் சமாதானம் தருவாராக.

அன்புள்ள அக்கா, உன் இரண்டு கடிதத்தையும் நேற்றுத்தான் மதர் என் கையில் கொடுத்தார். அக்டோபர் கடிதம் நவம்பர் நான்காம் தேதிதான் இங்கே வந்து சேர்ந்ததாம். அதனால் கல்லறைத் திருநாள் அன்று நீ பார்த்தது ஒன்றும் எனக்குத் தெரியாது. கையில் எதுவும் இல்லாமல்தான் எழுந்தேன்.

பேர்களை வாசிக்கத் தொடங்குமுன் நடுவில் போய் நின்று சொன்னேன். கேப்டன் சவரிராயன் மனிதர் இல்லை, பெட்டியில் ஆடும் பொம்மை, அக்கா விளையாட்டுக்கு எழுதியதை நான் உண்மைபோல வாசித்தேன் என்று. ஜூலை மாதம் மதர் கேட்டது இதுதான்: "கேப்டன் உனக்கு என்ன முறை?" நான் "பெரியப்பா முறை" என்றேன். உன்னிடம் பொய் எழுதாதே என்று சொல்லிவிட்டு நான் சொன்னது. அதையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

முதலில் சிஸ்டர் பவுலா சிரித்தார். அடக்க முடியாமல் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்து, திரும்பவும் அழுதார். அந்தப் பேர் வாசிக்கப்படவில்லை. கிறிஸ்துமஸ் வரை எனக்குக் கடிதம் இல்லை என்று மதர் தீர்ப்புச் சொன்னார்.

நேற்று மதர் கூப்பிட்டார். "கடைசி நாள்ல வந்து உக்காந்தாங்களே, அவங்களும் பொம்மையா?" என்று கேட்டார். இல்லை மதர், ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் ஒரு ஆள் எங்கோ உட்கார்ந்திருப்பார் என்றேன். சிஸ்டர் பவுலா பக்கத்தில் இருந்தார். "அப்ப நாம சொன்ன செவ்வாய் ஜெபமெல்லாம் வீணாப் போச்சா மதர்?" என்று கேட்டார்.

"யாருக்குப் போய்ச் சேந்துச்சோ சேந்துச்சு. திருப்பியா கேக்க முடியும்?" என்றார் மதர்.

பிறகு உன் நவம்பர் கடிதத்தைக் காட்டி, "இவ அலமாரியை நிறைக்கறதுக்குள்ள வரச் சொல்லு" என்றார். வருஷ முறைக்கு வெளியே ஒரு நாள் அனுமதி. நீ கம்பிக்கு முன்னால் உட்கார்ந்து முதல் பாகத்திலிருந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டுமாம். ஒரே நிபந்தனை, இது கதை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மதருக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன்னிடம் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை,
ஆக்சிலியா

*

பாலக்கோடு
8-1-2026

என் தங்கச்சி ஆக்சிலியாவுக்கு அக்காவின் முத்தம். எனக்கு இப்போதுதான் சோறு இறங்குகிறது.

இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறேன். கதை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிவு தெரியாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன், அப்புறம் யாரும் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது. சிஸ்டர் பவுலா அழுவதானால் கைக்குட்டையோடு வரட்டும்.

கண்ணம்மாளும் வருகிறாள். கடைசி நாளில் அத்தனை பேரோடும் பேசினவள் அவள்தானே. மஞ்சுநாத்திடம் போன் நம்பர் வாங்கி வைத்திருந்தாள். நேற்று அவனைக் கூப்பிட்டு, இப்படி ஒரு மடத்தில் உங்களுக்கு ஜெபம் பண்ணியிருக்கிறார்கள் என்று கன்னடத்தில் சொன்னாள். அவன், என் பேரைச் சொல்லித்தான் பண்ண வேண்டுமா, பேர் தெரியாமலும் செல்லுமா என்று கேட்டானாம். வந்து மதரிடம் கேட்கிறோம்.

உன் மாமாவுக்கு லீவு இல்லை. ஆனால் முனிராஜ் அண்ணனிடம் ஒரு நாள் லீவு கேட்கப் போனால், "பாலம் உடையற எடத்த நீ அவசர அவசரமா சொல்லிக் கெடுத்துருவ. நானும் வர்றேன்" என்கிறார். அன்றைக்கு மண்டியை அவர் மகன் பார்த்துக்கொள்வானாம்.

கம்பிக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலி போடச் சொல்.

ராஜமேரி